ஜெனோவாப் பச்சைத் துவையல்

ஜெனோவா துறைமுகம்,
6 மார்ச் 1932

அன்புள்ள ஜைதூனுக்கு,

ஸலாம். இது நான் போடும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கடலில் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன். நீ படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய் என்று நினைப்பதைவிட அது சுலபமாக இருக்கிறது.

அவற்றில் எழுதியதையே திரும்பவும் சொல்கிறேன். சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏணியில் இறங்கும்போது சறுக்கி விழுந்து வலது கால் எலும்பு முறிந்தது. கப்பலாட்களுக்குச் சமைக்கிற ஒரு பண்டாரிக்காக எந்தக் கப்பல் காத்திருக்கும்? இந்த ஊர் ஆஸ்பத்திரியில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டது. இப்போது கம்பெனி ஏஜெண்டு, துறைமுகத்துக்கு மேலே மேட்டுத்தெருவில் தெரேசா என்ற அம்மாளின் வீட்டில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறான். இடுப்புவரை மாவுக்கட்டு. ஜன்னலோரம் உட்கார்த்திவைத்தால் உட்கார்த்திவைத்த இடம்தான்.

இங்கே சமையல்கட்டும் கூடமும் ஒன்று. அதனால் நாள் முழுக்க நான் பார்ப்பது கொஞ்சம் கடலையும் நிறைய தெரேசா அம்மாளின் முதுகையும்தான். அந்த அம்மாள் ஒரு துவையல் செய்கிறாள், ஜைதூன். வெள்ளைச் சலவைக்கல்லில் குடைந்த உரல், மரக்குழவி. முதலில் பூண்டும் கல்லுப்பும். பிறகு ஒரு பச்சை இலை, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னதாய், இரண்டு கை நிறைய. இந்தக் குளிரில் அதைக் கண்ணாடிக் கூரை போட்டு வளர்க்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள். அப்புறம் முந்திரிக்குத் தம்பி மாதிரி ஒரு கொட்டை, கல்லாய் இறுகின பால்கட்டித் துருவல், கடைசியில் எண்ணெய். அடுப்பே கிடையாது. கோதுமை மாவைத் திரித்து வேகவைத்து அதன்மேல் இதைப் போட்டுப் பிரட்டிக் கொடுக்கிறாள். பேர் பெஸ்தோ. எனக்கு அது துவையல்தான்.

அந்த எண்ணெய் என்ன எண்ணெய் தெரியுமா? ஜைதூன் எண்ணெய். கப்பலில் துரைகள் ஆலிவ் என்பார்களே, அதுதான். உன் பேரைத்தான் இங்கே சீசாவில் அடைத்து விற்கிறார்கள். நல்லது எதுவும் அது இல்லாமல் ஆவதில்லையாம். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மத்தியானத்தில் கண் சொருகும்போது அந்தக் குழவிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நேற்று அதை நம் சைதாப்பேட்டை வீட்டு அம்மி என்று நினைத்து, "ஜைதூனு, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று நம் பாஷையிலேயே கேட்டுவிட்டேன். அந்த அம்மாளும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படிப் புரிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அந்த இலையின் வாசனை மட்டும், எங்கேயோ பார்த்த ஆள் எதிரே வந்து நின்ற மாதிரி இருக்கிறது. அதை விடு. நீ அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாயா, சைதாப்பேட்டைக்குத் திரும்பிவிட்டாயா? ஒரு வரி போடு.

வலியுல்லா


கச்சேரி ரோடு, மயிலாப்பூர்,
2 ஏப்ரல் 1932

மச்சானுக்கு,

ஸலாம். கால் எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எழுத ஆரம்பித்தால் கோபத்தில் மறந்துவிடுவேன்.

உங்கள் முதல் இரண்டு கடிதங்களும் கடலில் விழவில்லை. என் டிரங்குப் பெட்டிக்குள்தான் விழுந்தன. நான் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். சைதாப்பேட்டை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாகிவிட்டது. அந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு ஒரு சின்னத் தட்டை எத்தனை நாளைக்குத்தான் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைப்பது?

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உரலுக்கு ஒரு பக்கம், இலைக்கு ஒரு பக்கம், என் பேருள்ள எண்ணெய்க்கு ஒரு பக்கம், தெரேசாவின் முதுகுக்கு ஒரு பக்கம். நம் மகளுக்கு ஒரு வரி இல்லை. ஷாகிரா என்ற பேரை மூன்று கடிதத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன். ஊரான் வீட்டு உரல் என்ன கல், எந்த நிறம் என்று சொல்லத் தெரிகிறது உங்களுக்கு.

நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவளை எடுத்துப்போன அன்றைக்கே கேட்டேன். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி எல்லோரும் போன பிறகும் கேட்டேன். அவளை எங்கே வைத்தீர்கள், அந்த இடம் எப்படி இருக்கும், நிழல் இருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். நம் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. அது வழக்கம், அதற்காக நான் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. போகாதவளுக்குப் போய்வந்தவர் சொல்லலாம் இல்லையா? நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். மறுவாரம் கப்பலுக்குப் பெட்டி கட்டினீர்கள்.

அண்ணன் அன்றைக்கு வாணியம்பாடியில் இருந்தார். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் போய் ஓதிவிட்டு வருகிறார். அவரிடம் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். கபர் நல்லாயிருக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களாவது சொல்லுங்கள். நான் கண்ணை மூடினால் ஒரு வெறும் மேடுதான் தெரிகிறது. அதில் அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. ஆறு வருஷம் என் இடுப்பைவிட்டு இறங்காதவள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். உங்களுக்கு அக்கரைத் துவையல்கூடப் பச்சையாகத்தான் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுங்கள்.

ஜைதூன் பீ

தெரேசாவுக்கு என்ன வயது?


ஜெனோவா,
29 ஏப்ரல் 1932

ஜைதூன்,

தெரேசா அம்மாளுக்கு என் உம்மா இருந்திருந்தால் என்ன வயதோ அந்த வயது. என்னைவிட நல்ல மீசை. நீ பின்குறிப்பில் கேட்டதற்குத்தான் முதல் பதில். அதைப் படித்ததும் இந்த ஊருக்கு வந்த பிறகு முதல்தடவையாகச் சிரித்தேன்.

மற்றதற்குப் பிறகு எழுதுகிறேன்.

மாவுக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கால் கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. ஆடுகிற கப்பலில் இனி என்னால் நின்று சமைக்க முடியாது. நின்றால்தானே முடியாது, உட்கார்ந்து வேலை செய் என்று அந்த அம்மாள் உரலை என் மடிக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டாள். பதினெட்டு வருஷம் கப்பல் அடுப்பில் நின்றவனுக்குத் துவையல் அரைக்கத் தெரியவில்லை என்று அவளுக்கு ஒரே கொண்டாட்டம். நான் வழக்கம்போல ஓங்கி இடித்தேன். இலை கறுத்துப் போயிற்று. கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். இடித்தால் இலை கோபித்துக்கொள்ளுமாம். குழவியை ஒரு பக்கமும் உரலை மறுபக்கமும் திருப்பித் திருப்பி, இலையை உரலின் சுவரோடு சேர்த்து இழைக்க வேண்டும். அவசரம் கூடாது, தண்ணீர் கூடாது, இரும்பு கிட்டே வரக்கூடாது. பால்கட்டி ஹலால்தானா என்று கேட்டு விசாரித்துத்தான் வாயில் வைத்தேன், நீ அதற்கு வேறு சண்டைக்கு வராதே.

நன்றாக அமைந்துவிட்டால் அந்தப் பச்சை வேறெந்தப் பச்சையும் இல்லை. விளிம்புவரை எண்ணெய் நின்று மினுமினுக்கும். சாயங்காலத்தில் கடல் நீலமாகி, பிறகு சாம்பலாகி, மேட்டுத்தெரு வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு வரும். எல்லா வீட்டிலிருந்தும் அதே வாசனை. தெருப் பிள்ளைகள் உதட்டில் பச்சையோடு படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடுகிறார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தால், ஓடுகிற கும்பலில் ஒரு பிள்ளை அதிகமாக இருக்கிற மாதிரி ஒரு மயக்கம் வரும். எண்ணிப் பார்க்கமாட்டேன். எண்ணினால் சரியாக இருந்துவிடும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு காகிதப் பொட்டலத்தில் அந்த இலையின் விதை வைத்திருக்கிறேன். உடைந்த சட்டி போதும். போட்டு வை.

ஏஜெண்டு வந்தான். ஐப்பசி மாதத்துக்கு ஒரு கப்பலில் பம்பாய்வரை என்னைச் சும்மா ஏற்றி அனுப்புவார்களாம். தெரேசா அம்மாளின் மருமகன் துறைமுகத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். அவன் இங்கேயே இரு, உட்கார்ந்து அரைக்கிற வேலை தருகிறேன் என்கிறான். இரண்டு பேருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ சாவியைக் கொடுத்துவிட்டாய். வந்தால் நான் எந்த வாசலில் நிற்பது?

வலியுல்லா


மயிலாப்பூர்,
10 ஜூலை 1932

மச்சானுக்கு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விதையைச் சட்டியில் போட்டேன். கோபத்தோடுதான் போட்டேன். முளைக்காமல் போனால் அதைச் சொல்லிக் காட்டலாம் என்று ஓர் ஆசை. அக்கினி நட்சத்திர வெயிலில் முருங்கையே வாடிக் கிடந்தது, இது மட்டும் கிளுகிளுவென்று வந்துவிட்டது. அந்தி சாய்ந்து தண்ணீர் ஊற்றினால் கொல்லைப்புறம் முழுக்க வாசனை. விளக்கு வைக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். எனக்கு அது பிடித்துப்போயிற்று, அதை மறைப்பானேன்.

கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் காமாக்ஷி குடியிருக்கிறாள், வக்கீல் குமாஸ்தாவின் பெண்டாட்டி. எட்டிப் பார்த்தாள். "ஏண்டி ஜைதூன், உங்காத்துல துளசி வச்சிண்டிருக்கியா?" என்று அவளுக்கு ஆச்சரியம். துவையல் அரைக்க வைத்திருக்கிறேன் என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். துளசியை அம்மியில் வைத்தால் ஏழு தலைமுறைக்கு ஆகாதாம்.

அந்நேரம் பூக்காரி முனியம்மாள் கூடையை இறக்கினாள். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். "இத்தப் போயி தொளசின்றீங்களே. திருநீத்துப்பச்ச இது. கதம்பத்துல வச்சிக் கட்டிக்கினுதானே கீறேன்" என்றாள். என்னைப் பார்த்து, "இதோட வெதையத்தான் நீங்க சப்ஜான்னு ஷர்பத்துல போட்டுக் குடிக்கிறீங்க" என்றாள்.

சப்ஜா என்றாள், மச்சான். ஷாகிரா காய்ச்சலில் கிடந்தபோது உடம்பு சூடு தணியட்டும் என்று நீங்கள் வாங்கி வந்தீர்களே, அதே சப்ஜா. ஊறவைத்து எடுத்துப் போனால், "தவளை முட்டை எனக்கு வேணாம்" என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நான் அதட்டினேன். மறுநாள் அதட்ட ஆள் இல்லை. பிறகு அந்தப் பொட்டலத்தை அலமாரி முழுக்கத் தேடினேன், காணோம். அவள் வாய் வைக்க மறுத்த கடைசிப் பொருள், அதைக்கூட என்னைக் கேட்காமல் தூக்கியெறிந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். சட்டியைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார். "இத யாரு வூட்டுக்குள்ள வச்சது? கபருக்கு வைக்கிற செடியாச்சே" என்றார். பெண்கள் நாங்கள் அங்கே போவதில்லை, விதையைத் தவிர வேறொன்றும் பார்த்ததில்லை, எனக்கு எப்படித் தெரியும்? பிறகு அவராகவே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "புள்ள கபர்ல இதுதான் தலைமாட்டுல புதரா நிக்குது. உன் வூட்டுக்காரர் போட்டுட்டுப் போனதுன்னு தோண்டுற பாய் சொன்னாரு."

இத்தனை மாதத்தில் அவள் இருக்கும் இடத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை இதுதான். அதுவும் ஒரு செடியின் மூலமாக வர வேண்டியிருக்கிறது.

இப்போது கேட்கிறேன். அது எந்த இலை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தே தினமும் அரைத்துச் சாப்பிடுகிறீர்களா? தெரிந்தே எனக்கும் அனுப்பினீர்களா? கபரில் நிற்கிற செடியை வீட்டுச் சட்டியில் வளர்க்க வைத்து, துவையல் அரை என்று சொல்லிக் கொடுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

செடியைப் பிடுங்கி எறியப் போனேன். முடியவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் உங்கள்மேல் கோபம்.

ஜைதூன் பீ


ஜெனோவா,
3 ஆகஸ்ட் 1932

ஜைதூன்,

உன் கடிதம் வந்தது. தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

இன்றைக்கு இதற்குமேல் எழுத முடியவில்லை. ஆனால் இந்தத் தடவை ஓடமாட்டேன். நாலைந்து நாள் கொடு.

வலியுல்லா


ஜெனோவா,
9 ஆகஸ்ட் 1932

ஜைதூன்,

இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், தெரேசா அம்மாள் அந்த இலையைக் கையில் வைத்துக் கசக்கினாள். நான் கட்டுப்போட்ட காலோடு எழுந்து நிற்கப் பார்த்துக் கீழே விழுந்தேன். கால் வலி என்று நினைத்து அவள் மருத்துவரைக் கூப்பிட்டாள். வலி காலில் இல்லை என்று எந்தப் பாஷையில் சொல்வது? உனக்கு எழுதியபோது, எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி என்று எழுதினேன். யார் என்று அப்போதே தெரியும்.

நீ கேட்டது இப்போது சொல்கிறேன். முன்பு நீ கேட்டபோதெல்லாம் நான் வாயைத் திறக்கத்தான் பார்த்தேன். காதுக்குள் மண் விழுகிற சத்தம் கேட்டது. அதுதான் முதலில் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

அடையாற்றங்கரை. சைதாப்பேட்டைப் பக்கத்துக் கரை. பின் மூலையில் மதில் சரிந்து கிடக்கிறது, அதனால் ஆறு தெரியும். இரண்டு மரங்கள், ஒன்று வேம்பு, ஒன்று புங்கம். நம் ஷாகிரா புங்க மரத்தடியில் இருக்கிறாள். காலையில் வெயில் உண்டு, பத்து மணிக்குமேல் நிழல். மரத்தின் ஒரு கிளை தாழ்ந்து வந்திருக்கிறது, அவள் இருந்திருந்தால் கையைத் தூக்கித் தொங்கியிருப்பாள். பக்கத்தில் ஒரு தையல்கார அம்மாளும் அவள் கைக்குழந்தையும் இருப்பதாகத் தோண்டுகிற பாய் சொன்னார். தனியாக இல்லை.

உள்ளே இறங்கி வாங்கியது நான்தான். இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. அவள் கனமாக இல்லை, ஜைதூன். நீ பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிக் கப்பலுக்குக் கட்டித் தருவாயே சோற்றுப் பொட்டலம், அவ்வளவுதான் இருந்தாள். வலப்பக்கமாகச் சாய்த்து, முகத்தை மேற்கே வைத்தேன். அவள் தூங்குவதும் அந்தப் பக்கம்தானே, உன் பக்கமாகத் திரும்பி. மண் ஈரமாகக் குளிர்ச்சியாக இருந்தது. காய்ச்சலில் கொதித்த உடம்புக்கு அது இதமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காக இன்றுவரை என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

அந்த நேரம் பாலத்தில் ரயில் போயிற்று. இப்போது ஓடுகிறதே, அந்தப் புது மின்சார ரயில். பாலம் மிகவும் கிட்டே. எல்லோரும் துஆவை நிறுத்தி அது போகட்டும் என்று காத்திருந்தோம். அவளுக்கு ரயில் பிடிக்கும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியாகப் பொட்டலம். நான் தூக்கியெறியவில்லை. அவள் குடிக்க மறுத்ததும் அலமாரியில் வைக்கப்போய், மறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதே சட்டையோடுதான் அன்றைக்குப் போனேன். மண்ணைத் தள்ளி முடித்துக் கையைப் பையில் விட்டால் பொட்டலம். தலைமாட்டுக்குச் செடி வைக்கலாமா என்று பாய் கேட்டார். அப்படியே பிரித்துக் கொட்டினேன். தவளை முட்டை.

அதனால்தான் விதை அனுப்பினேன். வாயால் சொல்ல முடியாததைக் கையாலாவது அனுப்பலாம் என்று. சாப்பிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டாயே, முதல் வாரம் எனக்கு வரவில்லை. தட்டைத் தள்ளிவிட்டேன். பிறகு ஒரு சாயங்காலம், உதடெல்லாம் பச்சையாக ஒரு சின்னப் பெண், தெரேசா அம்மாளின் பேத்தி, என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. இந்த ஊரில் அந்த இலைக்குச் சாவு தெரியாது. எனக்குச் சாப்பிட வேண்டும் என்று இருந்தது. சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். அந்த அம்மாள் பூண்டு காரம் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் கப்பல். வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் இங்கே உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருக்கிறேன். உன் பேர் எழுதிய சீசாக்கள் நிறைய இருக்கின்றன.

வலியுல்லா


கச்சேரி ரோடு, மயிலாப்பூர்,
11 செப்டம்பர் 1932

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அரிசி களைந்தேன். மறுபடி படித்துவிட்டு உலை வைத்தேன். சோறு குழைந்துபோயிற்று. அண்ணன் அதையே சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் கிளம்பும்போது, புங்க மரத்தடியிலிருந்து ஒரு கொத்து கொண்டுவாருங்கள் என்றேன். புங்க மரம் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். அவள் அத்தா சொன்னார் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். ஈரத்துணியில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

உங்கள் ஊர்ச் செடியின் வாசனை வேறு, இதன் வாசனை வேறு. அது இனிப்பாக வருகிறது, இது கிராம்பு மாதிரிக் காரமாக ஏறுகிறது. சட்டியிலிருந்து இரண்டு கை இலை பறித்தேன். கொத்திலிருந்து ஒரே ஒரு இலை கிள்ளினேன். அண்ணன் மருந்து இழைக்கிற வெள்ளைக் கல்வத்தை எடுத்துக்கொண்டேன். அது உங்கள் உரலின் குட்டி. பூண்டு, உப்பு, முந்திரி. பால்கட்டிக்கு நான் எங்கே போவது, அது இல்லாமலேதான். மவுண்ட் ரோடு மருந்துக்கடையில் உங்கள் ஜைதூன் எண்ணெயை விரல் நீளச் சீசாவில் காதுவலிக்கு விற்கிறார்கள். நாலு சீசா கேட்டதும் எத்தனை பேருக்குக் காதுவலி என்று கடைக்காரர் அண்ணனைக் கேட்டாராம்.

இடிக்கவில்லை. இழைத்தேன். நீங்கள் சொன்ன மாதிரி அவசரப்படாமல். கை சுற்றச் சுற்றத் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. அவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது எனக்கே தூக்கம் வரும், நினைவிருக்கிறதா? அதே மாதிரி. விழித்துப் பார்த்தால் கல்வம் நிறையப் பச்சை.

காமாக்ஷி வாங்கமாட்டாள், பூண்டு வேறு போட்டிருக்கிறேன். மதிலில் சாய்ந்துகொண்டு வாசனை மட்டும் பார்த்தாள். முனியம்மாள் சுடுசோற்றில் பிசைந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நான் முதல் கவளத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "இன்னா தாயி யோசன. வெதைய குடிக்கச் சொல்லோ இனிச்சுது, எலைய துன்னச் சொல்லோ கசக்குதா?" என்றாள் முனியம்மாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல்தான் கேட்டாள். சாப்பிட்டேன், மச்சான். நாக்கில் கொஞ்சம் காரம், பிறகு குளிர்ச்சி. ஷாகிரா வாயை இறுக்கி மூடிக்கொண்டது நினைவுக்கு வந்தது. முதல்தடவையாக அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. பின்னாடியே அழுகையும் வந்தது, நீங்கள் அழுத மாதிரியேதான்.

இன்னொன்றும் செய்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. முனியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஜட்காவில் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போனேன். புது மாம்பலத்தில் தெருத் தெருவாக வீடு எழும்புகிறது, எங்கே பார்த்தாலும் சுண்ணாம்பு வாசனை. கிண்டிக்கு டிக்கெட் வாங்கிப் பெண்கள் பெட்டியில் ஏறினோம். கபர்ஸ்தானுக்குள் பெண் காலை வைக்கக்கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், ரயிலில் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ரயிலில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவளையே மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

சைதாப்பேட்டை ஸ்டேஷன் போனதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆறு வந்தது. சரிந்த மதில் வந்தது. மரங்கள் வந்தன. நீங்கள் இரண்டு என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு எல்லாமே மரமாகவும் எல்லாமே பச்சையாகவும் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறதற்குள் பாலம். பிறகு தண்ணீர். பிறகு கிண்டி வந்துவிட்டது. திரும்பி வரும்போதும் பார்த்தேன். எது வேம்பு, எது புங்கம் என்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். வண்டி நிற்கவில்லை.

கல்வத்தில் மிஞ்சியதை ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, மேலே எண்ணெய் நிற்க ஊற்றி மூடி வைத்திருக்கிறேன். சைதாப்பேட்டையில் நம் பழைய தெருவிலேயே ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறதாம், அண்ணன் பேசியிருக்கிறார். எந்த வாசலில் நிற்பது என்று கேட்டீர்கள், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கப்பலில் ஏறுங்கள். வந்த மறுநாள் நாம் இரண்டு பேரும் மாம்பலத்தில் ரயில் ஏறுவோம். பெண்கள் பெட்டி வேண்டாம், எல்லோரும் உட்காருகிற பெட்டியில் ஏறுவோம். ஜன்னலோரம் நான் உட்காருகிறேன், நீங்கள் எதிரே உட்காருங்கள். பாலம் வருவதற்கு முன்னால் எந்த மரம் என்று கையை நீட்டிக் காட்டுங்கள். ஒன்றும் பேச வேண்டாம்.

ஜைதூன்